சுவருக்குள் ஓடும் வயர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலைக்குப் போனால் பாதி நாள் வேறு யாரோ செய்துவிட்டுப் போன வேலையைத் தேடுவதிலேயே போய்விடும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை இந்தத் தொல்லை கிடையாது. அங்கே வயர் பலகைச் சுவரின் மேல், மரச்சட்டத்தில் வரிசையாகக் கிளிப் அடித்து, எல்லார் கண்ணுக்கும் தெரிய ஓடும். படம் மாட்ட வருகிறவன் அதைப் பார்த்துத் தள்ளி ஆணி அடிப்பான். தோட்டத்தை விட்டு டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த பிறகு வயர் எல்லாம் சிமெண்டுக்குள் மறைந்துவிட்டது. சுவர் சுத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் சாமி மேடை, டிவி, கிச்சன் கேபினட், வாட்டர் ஹீட்டர் என்று எதை மாட்டினாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு துளை போடுகிற கதைதான்.

வீட்டில் தெரிகிற அறிகுறியை வைத்துச் சுவருக்குள் என்ன ஆகியிருக்கும் என்று எப்படி ஊகிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். சுவிச் மூடியைத் திறப்பது, வயரைத் தொடுவது, வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியின் முன் தகட்டைக் கழற்றுவது எல்லாம் சான்றிதழ் உள்ள வயர்மேனின் வேலை. அதில் கை வைக்காதீர்கள். உங்கள் பங்கு சுவிச்சை ஏற்றி இறக்குவது, பார்ப்பது, மோப்பம் பிடிப்பது, நடந்ததைக் குறித்து வைப்பது. இதை ஒழுங்காகச் செய்தாலே வருகிற ஆளுக்கு அரை நாள் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

டி.பி. பெட்டியில் எது எது

பெட்டியைத் திறந்தால் ஒரு ஓரத்தில் மெயின் சுவிச். அதை அடுத்து, டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இன்னும் இதை ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள். அப்புறம் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன சுவிச்சுகள் எம்.சி.பி.

எம்.சி.பி. பார்ப்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடுகிறதா என்பதை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது கணக்கை: லைவ் வயரில் போன கரண்ட் முழுக்க நியூட்ரல் வயரில் திரும்பி வந்ததா? கொஞ்சம் வேறு வழியாக, அதாவது ஈரச் சுவர் வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போயிருந்தால் கணக்கு உதைக்கும், உடனே விழுந்துவிடும், அதாவது தானாக இறங்கிக் கரண்டை வெட்டிவிடும். மூடியில் 0.03 ஏ என்று இருந்தால் அது 30 மில்லி ஆம்பியரில் விழுவது, ஆளைக் காப்பாற்றும். பழைய வீடுகளில் 0.1 ஏ இருக்கும். அது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆளை முழுசாக நம்பி ஒப்படைக்க முடியாது. வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்பது மலேசிய விதி.

நம் வீடுகளில் கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயர் கடைசியாகப் போய்ச் சேர்வது வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்த செம்புக் கம்பியில். மண்ணின் தடை அதிகம் என்பதால், லைவ் வயர் எர்த்தைத் தொட்டாலும் எம்.சி.பி. விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாமலே இருக்கலாம். ஆகவே ஆர்.சி.சி.பி. செத்துப் போன வீட்டில் எம்.சி.பி. மட்டும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அதுவே முதல் கோளாறு. இன்னொன்று: கார் நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கி சிமெண்ட் போட்டவர்கள், அந்தச் செம்புக் கம்பியும் அதற்கு வரும் பச்சை வயரும் இன்னும் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். குறுக்கே நிற்கிறது என்று அதை அறுத்துப் போட்ட வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

வயர் எந்த வழியில் ஓட வேண்டும்

இது தெரிந்தால் பாதிக் கோளாறுக்கு இடம் தெரிந்துவிடும். சுவர்ப் பரப்பிலிருந்து 50 மி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் வயர் புதைந்திருந்தால் அது கண்ட இடத்தில் ஓடக்கூடாது. ஒரு சுவிச்சோ பிளக் பாயிண்டோ இருந்தால், அதிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓடலாம். அல்லது கூரைத் தட்டிலிருந்து 150 மி.மீ.க்குள் கிடையாகவும், இரண்டு சுவர் சேரும் மூலையிலிருந்து 150 மி.மீ.க்குள் நெட்டுக்குத்தாகவும் ஓடலாம். இவ்வளவுதான். நாங்கள் பின்பற்றுவது பிரிட்டிஷ் வயரிங் விதியிலிருந்து வந்த இந்தப் பழக்கத்தைத்தான். குறுக்கே சாய்வாக ஓடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

தாமான் வீடுகளின் உள்சுவர் அரைச் செங்கல் சுவர், சுமார் நாலரை அங்குலம். அதில் வெட்டும் பள்ளம் நெட்டுக்குத்தாக என்றால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேலும் ஆழம் போகக்கூடாது. 110 மி.மீ. சுவரில் முதலாவது 36 மி.மீ., இரண்டாவது 18. சாதாரண பி.வி.சி. குழாயே 20 மி.மீ. ஆகக் கிடையாக வெட்டினால் குழாய் முழுசாக உள்ளே உட்காராது. உட்கார வைத்தால் சுவர் பலவீனமாகும். அதனால் ஒழுங்கான ஆள் கூரைத் தட்டுக்கு மேலேயே பக்கவாட்டு ஓட்டத்தை முடித்துக்கொண்டு, தேவையான இடத்தில் நேராகக் கீழே இறக்குவான். ஒற்றை மாடி வீட்டில் சுவிச்சுக்கு மேலே உள்ள சுவர்ப் பகுதியை எப்போதும் வயர் உள்ள இடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சுவர் என்றால் அடுத்த அறையில் சுவிச் எங்கே இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்து வயர் இந்தப் பக்கத்து ட்ரில்லுக்கு எட்டும்.

மேலும் ஒன்று. வயர் குழாய்க்குள்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பி.வி.சி. குழாய் கவசம் கிடையாது. கான்கிரீட் ட்ரில்லுக்கு அது வெண்ணெய் மாதிரி. குழாயின் பயன் வேறு: பின்னால் பழைய வயரை இழுத்துவிட்டுப் புதியதைப் போடலாம்.

ட்ரில் போட்ட நொடியில் வீடு இருண்டது

இது நல்ல சகுனம். ட்ரில்லை அப்படியே விட்டுவிட்டு டி.பி.யைப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் வயரின் ஏதோ ஒரு பகுதி எர்த்தோடு, அல்லது உங்கள் ட்ரில் வழியாக மண்ணோடு சேர்ந்திருக்கிறது. எம்.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் லைவும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டன. இரண்டும் விழுந்திருந்தால் மூன்றையும் குத்தியிருக்கிறீர்கள்.

எந்த எம்.சி.பி. விழுந்தது என்று பார்த்து (எதுவும் விழவில்லை என்றால் அந்த அறைக்கானதை), அதை இறக்கியே வைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால் மற்ற அறைகளில் கரண்ட் இருக்கும்; இரவு சமையலாவது நடக்கும். அந்த எம்.சி.பி. மேல் ஒரு டேப்பை ஒட்டி, ஏற்ற வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஃபேன் வரவில்லையே என்று போய் ஏற்றிவிடுவார்கள்.

விழுந்ததை மறுபடி மறுபடி ஏற்றிப் பார்ப்பது இங்கே எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சின்ன வெல்டிங் நடக்கிறது. மூன்றாவது, நாலாவது தடவையில் நின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தொட்டுக்கொண்டிருந்த செம்பு எரிந்து விலகியிருக்கிறது, அவ்வளவுதான். பாதி எரிந்த வயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்க்ரூ போட்டோம், ஒன்றும் விழவில்லை. ஆனால் தொட்டால் சுருக்கென்கிறது

இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தீபாவளிக்கு முதல் வாரம் ஒரு பெரியம்மா கூப்பிட்டார்.

“தம்பி, முருகன்கிட்ட போனாலே சுருக்குன்னு இழுக்குது. விரதத்துல ஏதாச்சும் குத்தம் பண்ணிட்டனோ?”

போய்ப் பார்த்தால் புது சாமி மேடை. பலகைக்குக் கீழே இரண்டு இரும்புக் கோணத்தாங்கிகள், அதில் ஒன்றிலிருந்து பித்தளைத் தூண்டாமணி விளக்கு சங்கிலியில் தொங்குகிறது. மேடைக்கு நேர் கீழே, நெஞ்சு உயரத்தில், சாமி விளக்குக்கான சுவிச். மேடை போட்ட ஆளுக்குக் கண் நல்ல கண். சுவிச்சுக்கு மேலே சரியாக நடுவில் வருமாறு அளந்து அடித்திருந்தார். வயர் ஓடுவதும் அந்த நடுவில்தான்.

கரண்ட் பட்டால் உள்ளே விளக்கு எரியும் டெஸ்ட் பென்னைத் தாங்கியில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மெயினை இறக்கிவிட்டு, கீழ் ஸ்க்ரூவைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். முனையில் மிளகு அளவுக்குக் கருத்த ஒரு குழி. மரையில் சிவப்பு பி.வி.சி. துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ லைவ் வயரின் தோலைக் கிழித்துச் செம்பைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, நியூட்ரலையும் எர்த்தையும் தொடவில்லை. சுவர் காய்ந்த சுவர். கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லை. ஆர்.சி.சி.பி. விழ என்ன காரணம் இருக்கிறது? பெரியம்மா குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து விளக்கைத் துடைத்தபோதுதான் கரண்டுக்கு ஒரு வழி கிடைத்தது. செருப்பில்லாத ஈரக் கால், பித்தளை, 230 வோல்ட். அந்த வீட்டு ஆர்.சி.சி.பி.யில் 0.1 ஏ என்று இருந்தது. சுருக்கோடு போனது அவர் கும்பிட்ட முருகன் புண்ணியம்.

ஆகவே புதிதாக எதையாவது மாட்டிய பிறகு அதன் இரும்பு, பித்தளை, அலுமினியப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்றால், ஒரு தடவை என்றாலும், மெயினை இறக்குங்கள். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டாம். ஸ்க்ரூவையும் நீங்கள் கழற்ற வேண்டாம். காரணம், கழற்றியதும் சுருக் போய்விடும். வீட்டுக்காரர் சந்தோஷமாக ஸ்க்ரூவை ஒரு அங்குலம் தள்ளிப் போட்டு, பழைய துளையில் சிமெண்ட் பூசிவிடுவார். தோல் கிழிந்த வயர் உள்ளே அப்படியே இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கும்போது மறுபடி தொடங்கும், அப்போது எந்த ஸ்க்ரூ என்றே யாருக்கும் நினைவிருக்காது.

டெஸ்ட் பென்னைப் பற்றி ஒரு வார்த்தை. அது எரிந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ரப்பர் செருப்போடு பலகை மேல் நின்றால் மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கினாலும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை

வீட்டுக்காரர்களைக் குழப்புவது இதுதான். ஒவ்வொன்றாக இறக்கி, எதை இறக்கியதும் ஆர்.சி.சி.பி. நிற்கிறதோ அதுதான் கெட்டது என்று எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் அது சரியாகவும் வரும். வராத இடம் ஒன்று உண்டு. வீட்டு எம்.சி.பி. வெட்டுவது லைவ் வயரை மட்டும். நியூட்ரல் வயர் பெட்டிக்குள் ஒரே கட்டையில் எல்லாவற்றோடும் சேர்ந்தே இருக்கும். உங்கள் ஆணி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தத் தொடர்பு அறுவதில்லை.

அறிகுறி இரண்டு விதமாக வரும். ஒன்று, எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. ஏறாது. இன்னொன்று இன்னும் வேடிக்கை: காலி வீட்டில் நிற்கும், அயர்ன் பாக்ஸையோ ரைஸ் குக்கரையோ போட்ட உடனே விழும். எந்த அறையில் போட்டாலும் விழும். வீட்டில் கரண்ட் அதிகமாக ஓட ஓட, நியூட்ரல் வழியாகத் திரும்புவதில் ஒரு பங்கு ஆணி வழியாக எர்த்துக்குத் திருடு போகும். அதனால் கணக்கு உதைக்கும். பாவம், புது அயர்ன் பாக்ஸ் மேல் பழி விழும். கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருவார்கள், அதுவும் விழும்.

இது நடந்தால் வயர்மேனிடம் “எம்.சி.பி. எல்லாம் இறக்கினாலும் விழுது அண்ணே” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் நியூட்ரல் கட்டையில் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கி, வயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் சோதிப்பார். நல்ல வயரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ஆரோக்கியமான வீட்டில் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கும். அதற்கு முன் டிவி, பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் உருவி வைத்துவிடுங்கள். அந்தச் சோதனை சில சாமான்களைக் கெடுத்துவிடும்.

அவர் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: கடந்த சில வாரத்தில் வீட்டில் எங்கெல்லாம் ஆணி, ஸ்க்ரூ, கொக்கி அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரைச்சீலைக் கம்பியை மறந்துவிடுவீர்கள்; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது

இடியும் மழையும் சேர்ந்து வரும் ஊர் நம் ஊர். முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இடி இடித்த அதே நேரத்தில் விழுந்து, ஏற்றியதும் நின்றால் சுவரில் பெரும்பாலும் குறையில்லை. மின்னல் கம்பி வழியாகத் தந்த அதிர்ச்சி அது. மழை விட்டு அரை மணி, ஒரு மணி கழித்து விழுந்து, ஏற்றினால் நிற்காமல், மறுநாள் வெயில் அடித்ததும் நின்றால் எங்கேயோ ஈரம் இறங்கியிருக்கிறது.

வெளிச்சுவரில் வெடிப்பு, வெளி விளக்கு, கேட் மோட்டாருக்குப் போகும் வயர், ஏர்கோன் வெளிப்பெட்டிக்குச் சுவரைத் துளைத்த ஓட்டை, கூரை ஓடு விலகிய இடம் என்று இந்த வரிசையில் பாருங்கள். பழைய வீட்டில் கூரைத் தட்டுக்கு மேலே எலி கடித்த வயரும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் அந்தக் காயத்தில் விழுகிற நாளில் மட்டும் தெரியும். சுவரில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, சுவிச் மூடியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவிச் பெட்டியில் தேங்கும். ஆகவே ஈரம் தெரிகிற இடம் கீழே இருந்தாலும் தண்ணீர் நுழைகிற வாசல் மேலேதான்.

குளியலறைச் சுவரை மழையோடு சேர்க்காதீர்கள். அங்கே ஈரம் தினமும் உண்டு. ஈரச் சுவரே தொட்டால் சுருக்கென்றாலோ, பைப்பைத் தொட்டால் சுருக்கென்றாலோ மெயினை இறக்கிவிட்டு அந்தக் குளியலறையைப் பூட்டிவிடுங்கள். குளித்துவிட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

சுவர் சுடுகிறது, மீன் கருகிய மாதிரி நாற்றம்

சுவிச் மூடியோ, அதை ஒட்டிய சுவரோ புறங்கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்தால் உள்ளே இரண்டில் ஒன்று. ஸ்க்ரூ தளர்ந்த இணைப்பு, அல்லது தகுதிக்கு மேல் இழுக்கும் வயர். பிளாஸ்டிக் சூடேறும்போது வரும் நாற்றம் சிலருக்கு மீன் வாடை மாதிரி இருக்கும். பெரியவர்கள் எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்தித் தேடுவார்கள்.

இங்கே அடிக்கடி பார்ப்பது வாட்டர் ஹீட்டர். 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15.6 ஆம்பியர் இழுக்கும். மூன்று பின் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். ஆனாலும் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதே என்று அதிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரைச் சுவருக்குள்ளேயே ஒட்டு போட்டு இழுத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஹீட்டருக்கு டி.பி.யிலிருந்தே தனி வயர், நாங்கள் போடுவது 4 சதுர மி.மீ., தனி எம்.சி.பி., இடையில் ஒட்டே கூடாது. சூடு தெரியும் இடம் சுவிச்சும் இல்லாத, பிளக்கும் இல்லாத வெற்றுச் சுவர் என்றால் புதைத்த ஒட்டு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த எம்.சி.பி.யை இறக்கி வையுங்கள்; சுவரில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஆறிய பிறகு வயர்மேனுக்கு அந்த இடத்தைக் காட்ட முடியாது.

சரசர என்று வண்டு அரிக்கிற மாதிரி சத்தம் வந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் முற்றிய நிலையில்.

ஒரு பிளக் செத்தது, அதற்கு அப்பால் உள்ளதும் செத்தது

சாவு வரிசையாக இருந்தால் கோளாறு கடைசியாக உயிரோடிருக்கும் பிளக்குக்கும் முதலில் செத்த பிளக்குக்கும் நடுவில். ஒன்று, உயிரோடிருப்பதன் பின்பக்க இணைப்பு தளர்ந்திருக்கும். இல்லையென்றால் இடையில் எதையோ மாட்டியிருப்பீர்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் என்றால் சுவரைச் சந்தேகிக்காதீர்கள், அதன் உள்ளேதான். எறும்பு கூடு கட்டிய பிளக்குகளை வாரம் ஒன்றாவது திறக்கிறேன்.

விளக்கு மங்கி மங்கி எரிகிறது

ஓர் அறையில் மட்டும் என்றால் அந்த அறையின் இணைப்பு. வீடு முழுக்க, அதிலும் சில நேரம் மங்கலும் சில நேரம் அளவுக்கு மீறிய வெளிச்சமும் என்றால் சுவரை விடுங்கள். தெருக் கம்பியிலிருந்து வரும் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு, கரண்ட் கொடுக்கும் நிறுவனமான டி.என்.பி.யின் 15454 எண்ணுக்கு அடியுங்கள். அது அவர்கள் பக்க வேலை.

துளை போடும் முன்

மேலே சொன்ன நேர்க்கோடுகளை மனசில் வரைந்து, சுவிச்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் மேலும் கீழும் பக்கமும் போகும் அந்தக் கோடுகளை விட்டு அரை அடி ஒதுங்குங்கள். சாமி மேடையைச் சுவிச்சுக்கு நேர் மேலே வைத்தால் அழகுதான். அரை அடி தள்ளி வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது. அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ட்ரில்லுக்கு அடுத்த அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள். இது எல்லாவற்றையும்விட மலிவான காப்பு.

இவ்வளவும் செய்தாலும், வயர் போட்டவன் விதியை மதித்திருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். நான் தொழில் பழகிய காலத்தில், சுவிச்சுகளை விட்டு நன்றாகத் தள்ளி, எந்தச் சாத்தியமும் இல்லாத இடம் என்று நம்பி நடுச்சுவரில் துளை போட்டேன். படாரென்று நீலமாக ஒரு வெளிச்சம். பழைய வீட்டுக்காரர் கதவு மணிப் பக்கத்திலிருந்து ஹால் பிளக்குக்கு, இரண்டு மீட்டர் வயர் மிச்சம் பிடிக்க, மூலைவிட்டமாக இழுத்திருந்தார். குழாயும் இல்லை, வெறும் வயர் மேல் பூச்சு. அன்றிலிருந்து கை மாறிய வீடு என்றால் வயர் தேடும் கருவியால் ஒரு தடவை தடவாமல் துளைப்பதில்லை. அந்தக் கருவியும் ஈரச் சுவரில் உளறும். எல்லா இடத்திலும் கத்தினால் எந்த இடத்தையும் நம்பாதீர்கள்.

பழைய வீட்டில் நிறமும் ஏமாற்றும். சுவருக்குள் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை மஞ்சள் எர்த். மூன்று ஃபேஸ் வீட்டில் மஞ்சளும் நீலமும்கூட லைவ். ஆனால் கடையில் வாங்கும் சாமானின் வயரில் நீலம் நியூட்ரல். துளை வழியாக நீலம் எட்டிப் பார்த்தால் அது ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

காயம்பட்ட வயரை எப்படி மூடுவது

டேப் சுற்றிச் சிமெண்ட் பூசுவது மருத்துவம் ஆகாது. குழாய் இருந்தால் இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள வயர் முழுவதையும் உருவிப் புதியது இழுப்பதுதான் சுத்தமான வேலை. குழாய் இல்லை, அல்லது நெளிந்துவிட்டது என்றால் அந்த இடத்தைத் திறந்து, ஒரு பெட்டி பதித்து, அதற்குள் இணைப்புப் போட்டு, மேலே வெறும் மூடி மாட்ட வேண்டும். ஸ்க்ரூவில் இறுக்கிய எந்த இணைப்பும் பின்னால் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த மூடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இங்கே வயர் ஓடுகிறது என்று அடுத்து வருகிறவனுக்கு அது சொல்லும்.

புதிதாகச் சுவர் வெட்டி வயர் போடுபவர்கள், பூச்சுக்கு முன் அளவு நாடாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, தரையும் மூலையும் படத்தில் வருமாறு போனில் படம் எடுங்கள். போன் மாறும், ஒரு பிரதி அச்செடுத்து டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

பெரியம்மா வீட்டில் குழாய் நெளிந்திருந்தது. ஆகவே பெட்டி பதித்து வெள்ளை மூடி போட்டேன், ஆர்.சி.சி.பி.யையும் 0.03க்கு மாற்றினேன். மேடையை அரை அடிக்கும் கொஞ்சம் கூடவே தள்ளி மாட்டியாயிற்று. அவருக்கு அந்த வெள்ளை மூடி கண்ணை உறுத்தியது. அதை மறைக்கப் பெரிய நாள்காட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், இன்னொரு கையில் ஆணி. ஆணியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு ரிங்கிட் கடையில் விற்கும் ஒட்டுக் கொக்கி ஒன்றை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.